வரைபடத்தைத் திருப்பாமல் கட்டிய வீடு

பிள்ளைகளே, அந்தப் பழைய படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. படத்தில் இரண்டு பெரிய வெள்ளைத் தூண்கள் இருக்கின்றன. மூத்தவள் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இளையவன் அம்மாவின் இடுப்பில் கம்பளித் தொப்பியோடு இருக்கிறான். "டிட் வீ லிவ் இன் எ மேன்ஷன், அப்பா?" என்று கேட்டீர்கள். ஓம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம் என்று சொல்லி விட்டுவிட்டேன். அது பதில் இல்லை. அந்த வீடு எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதைச் சொன்னால்தான் அதில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது விளங்கும். அதனால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒக்லாந்தின் தென்புறத்தில், பாபடோயிட்டோய்க் கடைத்தெருவைத் தாண்டி விரிப் பக்கம் போகிற தெரு ஒன்றின் முடிவில் அந்த வீடு நின்றது. நான் விரியில் ஒரு பண்டசாலையில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தேன். நடந்து போகக்கூடிய தூரம் என்பதால்தான் அங்கே வீடு பார்க்கப் போனோம்.

நூறு வருடத்துக்கு முன்னர் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பண்ணை முதலாளி அதைக் கட்டினாராம். அவருடைய நாட்டில் பெரிய காணிக்காரர் எல்லாரும் நாட்டுப்புறத்தில் மாளிகை வைத்திருப்பார்கள். தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பிறகு காணியைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். நாங்கள் போன நேரம் மாளிகையைச் சுற்றிச் சின்னச் செங்கல் வீடுகள் நெருங்கி வந்து, எல்லாம் தங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றன. மாளிகையின் தூண்களுக்கு நேரே எதிரில் யாரோ ஒருவருடைய கராஜும் உடுப்புக் காயப்போடும் கம்பியும் தெரிந்தன.

கல் வீடு என்றுதான் நினைத்தேன். மூலைகளில் பெரிய கற்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினமாதிரி இருந்தது. சுவரிலும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கோடு தெரிந்தது. உங்கள் அம்மா, "இவ்வளவு கல்லை எங்கயிருந்து கொண்டு வந்தவங்கள்?" என்று கேட்டா. நான் விரல் மூட்டால் தூணைத் தட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டினமாதிரி டொக் டொக் என்று சத்தம் வந்தது. உடனே மேல் யன்னலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஹூ இஸ் இட்? த டோர் இஸ் ஓப்பன்!"

பிறகு எங்களைப் பார்த்துவிட்டு, "தமிழா? ஏங்க, கதவு அந்தப் பக்கம். அது தூணு!" என்று சொல்லிச் சிரித்தார்.

மேல்மாடியில் குடியிருந்த தம்பி அவர். கோயம்புத்தூர்ப் பக்கம். கம்பியூட்டர் வேலைக்கு வந்து, மனைவியோடு ஒரு பகுதியில் இருந்தார். கல் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் மரம். இந்த நாட்டின் கவுரி மரத்தைக் கல்லின் அளவுக்குக் கட்டை கட்டையாக அறுத்து, ஓரத்தைச் சீவி, வெள்ளை அடித்து நிறுத்தியிருந்தார்கள். தூணுக்குள் வெறும் வெளி. கல்லில் கட்டினால்தான் மாளிகை என்று முதலாளிக்கு ஒரு எண்ணம். ஆனால் கையில் இருந்தது மரம். மரத்தைக் கல் மாதிரி நடிக்க வைத்துவிட்டார்.

உள்ளுக்கு அந்த வீடு இரண்டு வீடு. இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்லவேண்டும். தூண் வாசலால் நுழைந்தால் ஒரு பெரிய நடுக்கூடம். இடது பக்கம் விருந்தாளிகள் இருந்து கதைக்கும் அறை. வலது பக்கம் சாப்பாட்டு அறை. நடுவில் அகலமான மாடிப்படி. கூரையின் உட்புறத்தில் சாந்தால் செய்த பூவும் கொடியும். இதெல்லாம் முதலாளி வீடு. நடுக்கூடத்தின் முடிவில் ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்தால் கூரை திடீரென்று பதிந்துவிடும். நடை ஒடுங்கிவிடும். சுவரில் பூவும் இல்லை, கொடியும் இல்லை. பெரிய குசினி, பாத்திரம் கழுவும் அறை, இறைச்சியும் வெண்ணெயும் கெடாமல் வைக்கும் அறை, வேலைக்காரர் சாப்பிடும் அறை, அவர்களுக்கென்று ஏணிமாதிரி ஒரு தனிப் படி. இது வேலைக்காரர் வீடு. அந்த நடுக் கதவில் ஒரு காலத்தில் பச்சைக் கம்பளித் துணி அடித்திருந்தார்களாம், குசினிச் சத்தமும் மணமும் முன்னுக்கு வராமலிருக்க. எங்கள் காலத்தில் துணி போய், ஆணி ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

நாங்கள் பார்க்கப் போனபோது முன்பகுதியும் காலி, பின்பகுதியும் காலி. வீட்டுக்காரருக்காக வந்த பெண், எது வேண்டுமானாலும் எடுங்கள், இரண்டுக்கும் ஒரே வாடகைதான் என்றா. நாங்கள் போனது பெப்ரவரி மாதம், இங்கே வெக்கைக் காலம். பின்பக்கம் கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தமாதிரி வெக்கை அடித்தது. யன்னலெல்லாம் வெயில். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

"இதுக்க இருந்தால் நாங்கள் அவிஞ்சு போவம். சின்னவனுக்கு வேர்க்குரு போடும்."

முன்னறைக்குள் வந்தோம். உயரமான கூரை. மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து வெளியே தள்ளிக் கட்டிய பெரிய யன்னல். அவ்வளவு கண்ணாடி இருந்தும் வெயில் ஒரு பொட்டு உள்ளே விழவில்லை. நிலம் கால் வைக்கக் குளிர்ந்தது. அம்மா நடு அறையில் நின்று பெருமூச்சு விட்டா.

"இதுதான் வீடு. என்ன குளிர்மை! வெயிலே படாது போல."

"ஓம், இதையே எடுப்பம்," என்றேன்.

வெள்ளைக்காரர் இந்த நாட்டில் வீடு பார்க்கப் போனால் முதலில் வெயில் வருமா என்று கேட்பார்கள். நாங்கள் நிழல் இருக்கா என்று கேட்டு, நிழலைத் தேடி எடுத்தோம். எங்களுக்கு வீடு என்றால் வெயிலுக்கு ஒதுங்குகிற இடம். வேறு விதமாக யோசிக்கத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பின்பகுதிக்கு ஒரு பெரியவர் குடி வந்தார். இங்கிலாந்தில் பிறந்தவர், இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல். மனைவி இல்லை. வேலையால் நின்றுவிட்டார். அவருடைய தாய் இங்கிலாந்தில் இப்படி ஒரு மாளிகையில், இதைவிடப் பல மடங்கு பெரிய மாளிகையில், வேலைக்காரியாக இருந்தவ. அதனால் அவருக்கு இந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் எதற்கு என்று தெரியும். பின் நடையின் சுவரில் உயரத்தில் ஒரு பலகையும், அதில் வரிசையாகச் சின்ன மணிகளும் இருந்தன. எந்த அறையில் கயிற்றை இழுக்கிறார்களோ அந்த அறையின் மணி ஆடும். மூத்தவள் எங்கள் அறைக் கயிற்றை இழுத்துவிட்டு ஓடுவாள். பெரியவர் கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, "அழைத்தீர்களா, மேடம்?" என்று கேட்பார். அவளுக்கு அது சலிக்கவில்லை. அவருக்கும் சலிக்கவில்லை.

நான் அவரோடு ஓட்டை இங்கிலீஷில் கதைப்பேன். அவர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன், கூட்டாளி என்ற மாதிரி என்னை 'மேட்' என்று கூப்பிடுவதை மட்டும் அப்படியே விடுகிறேன். முதல் நாளே எங்கள் யன்னலைக் காட்டிச் சொன்னார்:

"நீர் கெட்டிக்காரன், மேட். வீட்டின் தெற்கு முகம் உமக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு மாளிகையில் நல்ல அறை எல்லாம் தெற்கு முகத்தில்தான் வைப்பார்கள்."

மேல் மாடித் தம்பிக்கு இதில் வேறு அபிப்பிராயம். "அண்ணே, தெற்கு எமன் திசைண்ணே. வாசலும் தெற்க பாத்திருக்கு, ஹாலும் தெற்க பாத்திருக்கு. நானா இருந்தா எடுத்திருக்க மாட்டேன்."

"நீரும் இந்த வீட்டில தானே தம்பி இருக்கிறீர்?"

"நான் மாடில இருக்கேன்ல. எமன் படி ஏற மாட்டாரு."

மே மாதம் மழை தொடங்கியது. எங்கள் அறை பெப்ரவரியில் இருந்த அதே அறைதான். ஒன்றும் மாறவில்லை. வெயில் படாத அறையில் வெயில் படவில்லை, அவ்வளவுதான். காலையில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து கீழ்ப்பலகையில் தேங்கி நிற்கும். அம்மா துவாயால் ஒற்றிப் பிழிந்து ஊற்றுவா. பின்னேரம் திரும்பவும் நிற்கும். அலுமாரியை இழுத்துப் பார்த்தபோது அதன் பின்சுவரில் கறுப்புப் புள்ளிகள் ஆள் உயரத்துக்குப் படர்ந்திருந்தன. ஹீட்டரைப் போட்டால் சூடெல்லாம் மேலே போய் சாந்துப் பூக்களுக்குக் குளிர் காயக் கொடுத்தது. எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஜூனில் இளையவனுக்கு இருமல் வந்தது. அப்போது உனக்கு ஒரு வயது ஆகவில்லை. இருமல் நெஞ்சுக்குள் இறங்கி, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பிராணவாயு கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பும்போது பெண் வைத்தியர் ஒரு கேள்வி கேட்டா. மருந்து பற்றியது இல்லை. பிள்ளை படுக்கிற அறை காய்ந்த அறையா, ஈரமான அறையா என்று கேட்டா. அம்மா என்னைப் பார்த்தா. நான் ஈரம் என்றேன். குளிர்காலம் முடியுமட்டும் பிள்ளையைக் காய்ந்த அறையில் வையுங்கள், நெஞ்சில் திரும்பத் திரும்ப இப்படி வந்தால் அது தங்கிவிடும் என்று சொன்னா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. ஒரு காய்ந்த அறை வேண்டும். வேறு வீடு பார்த்தோம். குளிர்காலத்தில், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, நடக்கிற தூரத்தில், எங்களுக்குக் கிடைக்கவில்லை.

காய்ந்த அறை எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று கண்டுபிடித்தது அம்மாவின் மோர்மிளகாய்.

அதற்கு முதல், மழை தொடங்குமுன் கடையில் பச்சைமிளகாய் நிறைய வந்த நேரம், அவ மிளகாயைக் கீறி, மோரிலும் உப்பிலும் ஊறவைத்து, தட்டில் பரப்பி எங்கள் பெரிய யன்னலில் வைத்தா. இவ்வளவு கண்ணாடி இருக்கிறதே, காய்ந்துவிடும் என்று நினைத்தா. சில நாளில் மிளகாயில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. ஒக்லாந்தில் மோர்மிளகாய் சரிவராது என்று முடிவு கட்டி எறிந்துவிட்டா. பிறகு மழைக்குள் ஒருநாள், ஃப்ரிட்ஜில் மோரோடு மிஞ்சிக் கிடந்த கொஞ்சத்தை ஒரு சின்னத் தட்டில் போட்டு, பெரியவரிடம் கேட்டு, அவருடைய பக்கத்து இறைச்சி அறை யன்னலில் வைத்தா. வைத்ததை மறந்தும் போனா. ஆஸ்பத்திரியால் வந்த கிழமை பெரியவர் தட்டை எடுத்து வந்து நீட்டினார்.

"உங்களுடைய புழுக்கள்," என்றார். "நன்றாகக் காய்ந்துவிட்டன. என் நாயிடம் காட்டினேன், ஓடிவிட்டது."

அம்மா மிளகாயைக் கையில் எடுத்து ஒடித்தா. சடக் என்று ஒடிந்தது.

"இஞ்சேருங்கோ," என்றா. "இந்த வீட்டில வெயில் பின்னுக்குத்தான் வருது."

"அது வெக்கைக் காலத்தில தானே?"

"இல்லை. இது மழைக்குள்ள காய்ஞ்சது. முன்னுக்கு வைச்சது வெக்கைக்குள்ளயே பூஞ்சணம் பிடிச்சது. யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு உடனே விளங்கவில்லை. அடுத்த நாள் பண்டசாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வெளிமுற்றத்தில் போய் நின்று என் நிழலைப் பார்த்தேன். எங்கள் ஊரில் மத்தியானம் நிழல் காலடியில் கிடக்கும். வருடத்தில் அங்கே இங்கே கொஞ்சம் சாயும், யாரும் கவனிப்பதில்லை. இங்கே நிழல் நீளமாக, தெற்குப் பக்கம் விழுந்து கிடந்தது. சூரியன் வடக்கில் நின்றது. உச்சிக்கு வரவே இல்லை. என்னோடு வேலை செய்த சமோவாக்காரர் ஒருவர் பாண் கடித்துக்கொண்டே, "என்ன தொலைத்தாய், பிரதர்?" என்று கேட்டார். "சன்," என்றேன். "அது மேலே," என்றார். அதுதான் மேலே இல்லையே என்று அவருக்கு விளங்கப்படுத்த என் இங்கிலீஷ் காணாது.

அன்று பின்னேரம் மாடித் தம்பி ஒரு கடதாசியில் வட்டம் போட்டு எனக்கு விளங்கப்படுத்தினார். இங்கிலாந்து பூமியின் மேல்பக்கம். அங்கே சூரியன் தெற்கால் சுற்றிப் போகும். அதனால் மாளிகை கட்டும்போது முதலாளி இருக்கும் அறைகளைத் தெற்கே வைப்பார்கள், வெயில் வர. வெண்ணெய் உருகாமல், இறைச்சி கெடாமல் இருக்கக் குசினியையும் இறைச்சி அறையையும் வடக்கே தள்ளுவார்கள், நிழலுக்கு. நியூசிலாந்து பூமியின் கீழ்ப்பக்கம். இங்கே சூரியன் வடக்கால் போகும். பண்ணை முதலாளி இங்கிலாந்துக் கட்டடத்தின் வரைபடத்தை அப்படியே கொண்டு வந்திருக்கிறார். கடதாசியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்திருந்தால் போதும். திருப்பவில்லை. முதலாளி நிழலில் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். வேலைக்காரர் வெயிலில் இருந்திருக்கிறார்கள். வெண்ணெய் உருகியிருக்கிறது.

"அப்ப எமன்?" என்று கேட்டேன்.

தம்பி கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியலண்ணே. ஒருவேளை அவரும் வடக்க மாறியிருப்பாரோ? ஆனா நான் சொன்னது சரிதானே? தெற்கு சரியில்லன்னு அப்பவே சொன்னேன்ல?"

அவர் சொன்னதும் சரி, காரணம் வேறு. நான் வாதாடவில்லை. எனக்கு வேண்டியது இறைச்சி அறை. அது பெரியவரிடம் இருந்தது.

அவரிடம் போய்க் கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. வயது போன மனிதர். கை விரல் மூட்டெல்லாம் வீங்கி இருக்கும். அவரை வெயிலிலிருந்து எழுப்பி நிழலுக்குப் போகச் சொல்வது எப்படி? இரண்டு நாள் சொல்லாமல் திரிந்தேன். அம்மா மூன்றாம் நாள் இளையவனைத் தூக்கி என் தோளில் போட்டா. அவன் முதுகில் என் கை இருந்தது. மூச்சு உள்ளே போகும்போது பழைய கதவு மாதிரி ஒரு சத்தம் கையில் பட்டது.

"இதைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கோ. வேற வார்த்தை வேண்டாம்," என்றா.

போனேன். அறைகளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கோபம் என்று நினைத்துப் பயந்துபோனேன். கோபம் இல்லை.

"முடியாது, மேட். கைக்குழந்தை உள்ள குடும்பத்திடமிருந்து தெற்கு முகத்தைப் பறிக்கிற ஆள் நான் இல்லை. நீர் பெரிய மனது வைத்துக் கேட்கிறீர். எனக்கு விளங்குகிறது. வேண்டாம்."

நான் வயதுக்கு மரியாதை செய்து நல்ல அறையைக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். இல்லை, எங்கள் அறை கூடாத அறை, ஈரம், குளிர் என்று சொன்னேன். அதையும் அவர் மரியாதைப் பேச்சு என்றே எடுத்தார். தன் சாமானை யாருக்காவது கொடுக்கும்போது இது பழசு, ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லிக் கொடுப்பார்களே, அப்படி. தேத்தண்ணி போட்டுத் தந்து, முதுகில் தட்டி என்னை அனுப்பிவிட்டார். இளையவன் வழியெல்லாம் இருமினான்.

மாடித் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். அவர் இங்கிலீஷ் நன்றாகக் கதைப்பார், ஆனால் வேகம். பெரியவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம். கடதாசியில் வட்டம் போட்டு, அது வாக்குவாதத்தில் போய் முடியும். அம்மா, "நீங்கள் இரண்டு பேரும் விடுங்கோ," என்றுவிட்டு, கடைக்குப் போய்ப் பச்சைமிளகாய் வாங்கிவந்தா. ஒரே மோரில் ஊறவைத்து இரண்டு தட்டில் போட்டா. ஒரு தட்டைப் பெரியவரிடம் கொடுத்து, முந்தி வைத்த இடத்தில் வைக்கச் சொன்னா. மற்றதை எங்கள் யன்னலில் வைத்தா. அந்தக் கிழமை நல்ல குளிர். மழை விட்டுவிட்டு வெயிலும் எறித்தது. இளையவனுக்கு இருமல் ஏறிக்கொண்டு வந்தது. மிளகாய் காயும்வரை காத்திருக்கிறோமே, இவனைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டி வருமோ என்று பயந்தேன். அம்மா அசையவில்லை.

சனிக்கிழமை எங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவே பெரியவர் கதவைத் தட்டினா. நான் பின்னால் நின்றேன். அவருடைய மேசையில் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. ஒன்றில் மிளகாய் சுருங்கி வெளிறிக் கிடந்தது. இன்னும் முழுக்கக் காயவில்லை, ஆனால் காய்கிறது. மற்றதில் வெள்ளை மயிர் முளைத்திருந்தது.

"யுவர் விண்டோ," என்றா, முதல் தட்டைக் காட்டி. "மை விண்டோ," என்றா, மற்றதைக் காட்டி. பிறகு பிள்ளையின் நெஞ்சைத் தொட்டு, "மை விண்டோ, பேபி," என்றா.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பூஞ்சணம் பிடித்த தட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் உடனே வைத்தார். எழும்பி எங்கள் பக்கம் வந்தார். அதுவரை அவர் எங்கள் அறைக்குள் முழுதாக வந்ததில்லை, வாசலோடு நின்றுவிடுவார். இன்று உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். அலுமாரியின் பின்னால் பார்த்தார். யன்னல் பலகையில் நின்ற தண்ணீரில் விரலை வைத்தார்.

"முப்பது வருடமாகத் தக்காளியை வடக்குச் சுவரில்தான் நடுகிறேன்," என்றார். "தக்காளிக்கு எங்கே வெயில் என்று எனக்குத் தெரியும்." பிறகு ஈர விரலைச் சட்டையில் துடைத்தார். "தெற்கு முகம் என்று என் அம்மா சொல்லுவா. அதை நான் இங்கே வந்தும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

மாற்றிக்கொள்ளலாம் என்றார். அன்றைக்கே மாற்றலாம் என்றார். அப்போதுதான் எனக்கு மற்றப் பயம் பிடித்தது. உங்களுக்குக் குளிருமே, உங்கள் கையெல்லாம் நோகுமே என்றேன்.

"மேட், இது மாளிகையின் வரவேற்பு அறை. இது எல்லாக் காலத்திலும் குளிர்தான். இங்கிலாந்திலும் குளிர். தெற்கு முகமாக இருந்தும் குளிர். என் அம்மா விடிய எழும்பி அந்த அறையில் நெருப்பு மூட்டுவா, முதலாளிமார் எழும்பி வர முன்னம். நான் சின்னப் பையன், பச்சைத் துணிக் கதவடியில் நின்று எட்டிப் பார்ப்பேன். உள்ளே கால் வைத்ததில்லை." எங்கள் சாந்துப் பூக்களை அண்ணாந்து பார்த்தார். "நான் இங்கிலீஷ்காரன். வசதியில்லாத அறைகளில் இருக்கத்தான் எங்களை வளர்க்கிறார்கள். இன்னொரு சுவெட்டர் போடுவேன்."

அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டா, "மனுசன் என்ன சொல்லுறார்?"

"ஓமாம்."

"இவ்வளவு நேரமும் ஓம் எண்டதையே கதைச்சவர்?"

வீட்டுக்காரருக்காக வந்த அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணினோம். வாடகை வந்தால் சரி, யார் எந்தப் பக்கம் இருந்தால் எனக்கென்ன என்றுவிட்டா. மாடித் தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். எங்கள் கட்டிலும் அலுமாரியும் அந்த நடுக் கதவால் பின்னுக்குப் போயின. பெரியவருடைய கதிரையும் றேடியோவும் அதே கதவால் முன்னுக்கு வந்தன. கதவு ஒடுக்கம். இரண்டு பக்கத்துச் சாமானும் நடுவில் முட்டி நிற்கும்போது தம்பி, "முதலாளி சாமான் முதல்ல போகட்டும்ணே!" என்று கத்தினார். யார் முதலாளி என்று எங்களுக்குக் குழப்பம். பெரியவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்து, நீர் போம், நீர் போம் என்று நின்றோம். மூத்தவள் முன்னறையில் கடைசியாக ஒருமுறை கயிற்றை இழுத்தாள். மணி ஆடியது. இப்போது மணி ஆடியது எங்கள் பக்கத்தில். யார் போய்த் தலை குனிய வேண்டும் என்று கேட்டாள். நீதான் என்றார் பெரியவர். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

இளையவனை இறைச்சி அறையில் படுக்க வைத்தோம். சின்ன அறை. மூன்று பக்கமும் பலகைத் தட்டுகள். பழைய கொழுக்கிகள் கூரையில் தொங்கின. அவற்றை நான் கழற்றினேன். யன்னலில் கண்ணாடியும், அதற்கு வெளியே ஈ வராமல் அடித்த கம்பி வலையும் இருந்தன. வெயில் அந்த வலையால் சலித்துச் சுவரில் விழுந்தது. சுவர் கையில் வெதுவெதுவென்று இருந்தது. வெண்ணெயைக் குளிராக வைக்கக் கட்டிய அறையில், அந்தக் குளிர்காலம் முழுக்க, நீ காய்ந்த மெத்தையில் படுத்தாய். முதல் கிழமை இருமல் இருந்தது. இரண்டாம் கிழமை குறைந்தது. மூச்சில் இருந்த அந்தச் சத்தம் எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அம்மா உன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, குசினிக்குப் போய் அரிசி களையத் தொடங்கினா. அந்த வருடம் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். நாங்கள் மாளிகையில் இருந்தோம். பாதிக் காலம் முதலாளி இடத்தில், பாதிக் காலம் வேலைக்காரர் இடத்தில். வேலைக்காரர் இடம் நல்ல இடம். அந்தப் படம் எடுத்தது இடம் மாறிய பிறகு. படம் பிடிக்கத் தூணடிக்கு வந்தோம், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

இடம் மாறி அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தார். சுவரில் நாங்கள் விட்டுவந்த ஆணிகளைப் பிடுங்கிக் கொள்ளச் சொல்லி என்னிடம் திறப்பைத் தந்திருந்தார். நீங்கள் இரண்டு பேரும் அம்மாவும் வெயிலில் படுத்து நித்திரை. நான் முன்னறைக்குப் போனேன். அவருடைய கட்டில் பெரிய யன்னலோடு ஒட்டிக் கிடந்தது. மேலும் கீழும் சறுக்குகிற அந்த யன்னல்களின் சட்டங்கள் வயது போய்ச் சுருங்கி, இடுக்கால் காற்று வந்து அவருடைய தலையணை உறையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. ஆணிகளைப் பிடுங்கினேன். பிறகு என் பழைய வேட்டி ஒன்றை எடுத்துவந்து, நீள நீளமாகக் கிழித்து, வெண்ணெய் பூசும் கத்தியின் முனையால் அந்த இடுக்குகளில் ஒவ்வொன்றாகச் செருகினேன். வெளியே தெரியாமல் உள்ளே அழுத்தினேன். எல்லாம் முடிந்ததும் தலையணைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். இடது மூலையால் இன்னும் கொஞ்சம் காற்று வந்தது. இன்னொரு துண்டு கிழித்தேன்.